அத்தையோடு பேட்டரி ரயில் பார்க்கப் போனது

நம் லைன் வீட்டு ஆட்களுக்கு,

இந்தக் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. காலை வணக்கப் படமும் முழங்கால் வலிக்கு வைத்தியமும் தவிர யாரும் வேறொன்றும் அனுப்புவதில்லை. நான் மட்டும்தான் ரயில் படம் போடுகிறவள். என்னை ரயில் பைத்தியம் என்று கேலி செய்யாதவர்கள் உங்களில் ஒருவரும் கிடையாது. போன வியாழக்கிழமை, பேட்டரியில் ஓடுகிற ரயிலைச் சோதனைக்கு ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து துடியலூர் ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து படம் எங்கே, படம் எங்கே என்று கேட்கிறீர்கள். படம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று சொல்வதற்கு நம்முடைய பத்து வயதுக் கோடை லீவுக்குப் போய்விட்டு வர வேண்டும். கொஞ்சம் நீளும். நடுவில் தாமரைப்பூ படம் எதுவும் அனுப்பாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரயில் பிடிக்கும் என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிடிக்காது. பயம். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்து வைத்திருந்தால்தான் எனக்கு நிம்மதி. பாம்புக்குப் பயந்தவர்கள் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி.

நம் வீடுகளுக்கும் மில்லுக்கும் நடுவில் இரண்டு தண்டவாளம் ஓடியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். நம் பக்கம் இருந்தது மேட்டுப்பாளையம் போகிற பெரிய லைன். அதைத் தாண்டி, மில் சுவரை ஒட்டி, பஞ்சு மூட்டை கொண்டுவருகிற மில் லைன். கேட் போட்ட பாதைக்குச் சுற்றிக்கொண்டு போனால் கால் மணி நேரம் ஆகும். அதனால் ஷிப்டு முடிந்து தூக்குப்போசியோடு வருகிற பெண்கள் எல்லோரும் தண்டவாளத்துக்குக் குறுக்கே இறங்கித்தான் வருவார்கள். அவர்களுக்கு வழி சொல்கிற ஆள் நான்.

பெரிய லைனுக்குக் காது. மில் லைனுக்குப் புகை. இதுதான் நம் ஆட்களின் கணக்கு. பெரிய லைன் தண்டவாளத்தில் காதை வைத்தால், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே உள்ளுக்குள் ஒரு ரீங்காரம் வரும். வெயிலில் இரும்பு சுடும், பாவாடை நுனியை மடித்து வைத்துக்கொண்டு அதன்மேல் காதை வைப்பேன். எண்ணெயும் கரியும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். மில் லைனுக்கு அந்தப் பாடெல்லாம் கிடையாது. அது சீமைக்கருவேல மரங்களுக்குள் வளைந்து வருகிற லைன், வண்டி தெரியாது, ஆனால் மரங்களுக்கு மேலே என்ஜின் புகை தெரியும். புகை ஒரே இடத்தில் நின்றால் வண்டி நிற்கிறது. புகை நகர்ந்தால் வண்டி நகர்கிறது.

"ஏ அம்மணி, வரலாமா?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள்.

"வாங்கக்கா, ஒண்ணுமில்லீங்க" என்பேன். வருவார்கள். யாராவது ஒருத்தர் பொரி உருண்டை கொடுப்பார். உங்களில் பாதிப்பேர் காது வைக்கத் தெரியாமல் தப்பாகச் சொல்லி வீட்டில் அடி வாங்கினீர்கள், எனக்கோ தலைக்கனம் ஏறியிருந்தது. எனக்குக் காதுக்காரி என்று பேர் வைத்ததும் நீங்கள்தான்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, நம் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை செய்தாள். அப்போது இருபத்திரண்டு வயது. பச்சை நிற ரப்பர் செருப்பு போட்டிருப்பாள், நடக்கும்போது டப்பு டப்பு என்று சத்தம் வரும். அந்தச் செருப்பைக் கழற்றி வைத்த நேரத்தில் நாமெல்லாம் முறை வைத்துப் போட்டு நடந்து பார்த்திருக்கிறோம். அந்தக் கோடையில் பவானியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள். வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டும்போது, மில்லுக்குப் போகிற பெண் எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அத்தை அன்று சாயங்காலம் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். லைன் வீட்டில் அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும், கேட்டது.

"விடு கண்ணு, இது போனா இன்னொண்ணு" என்றாள் அம்மா.

"அதுக்கில்லீங்க அண்ணி. ஒரு தட்டுக் கேசரிய வழிச்சுத் தின்னுபோட்டு, கையக் கழுவுனதுக்கு அப்பறம், பொண்ணு மில்லுக்குப் போறது இப்பத்தான் தெரிஞ்சவங்களாட்டப் பேசறாங்க பாருங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். அழுதது பத்து வீட்டுக்குக் கேட்டதே, சிரித்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுநாள் காலை அத்தை தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதற்கு மூன்றாம் நாள். முதல் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியது. மற்றவர்கள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். அத்தை தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக் கழுவுவதற்காகக் குழாயடியில் நின்றுவிட்டுக் கடைசியாக வந்தாள். நான் நம் வீட்டுப் பக்கச் சரளைக் கல் சரிவில் படுத்தமாதிரி இருந்துகொண்டு பெரிய லைனில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்து மரங்களுக்கு மேலே பார்த்தேன். புகை ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அம்மணி, வரலாமா?"

"வாங்கத்தை, ஒண்ணுமில்லீங்க." கையைத் தூக்கி ஆட்டினேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மில் லைனில் காலை வைத்தாள். அப்போது கருவேல மரங்களுக்கு உள்ளேயிருந்து இரண்டு பெட்டி தானாக வந்தது. முன்னால் என்ஜின் இல்லை, பின்னால் என்ஜின் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு பெட்டி. அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். கத்துவதற்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் இன்னும் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என்ஜின் பெட்டிகளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுவிடும், கொக்கி கழற்றிய பெட்டிகள் தாமாகவே உருண்டு குடோன் வரைக்கும் போய்ச் சேரும், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதெல்லாம் நான் பெரியவளாகி ரயில் புத்தகங்கள் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படி விடும்போது கொடியோடு ஓர் ஆள் முன்னால் நிற்க வேண்டும். அன்று நிற்கவில்லை. புகை பார்க்கிற நம் கணக்கில் என்ஜின் இல்லாத வண்டி என்ற ஒன்றே கிடையாது.

நான் எழுந்து ஓடினேன். அத்தையிடம் ஓடவில்லை, வீட்டுக்கு ஓடி, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் ஓடுகிற சத்தம், அம்மா அலறுகிற சத்தம், யாரோ கட்டில் கொண்டுவா என்று கத்துகிற சத்தம் எல்லாம் கேட்டது. டிரம்மின் குளிர்ந்த தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, இப்போது வந்து கேட்பார்கள், இப்போது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். என்ன அடி அடிப்பார்கள் என்று யோசித்தேன். அடிப்பதோடு விடமாட்டார்கள், போலீசில் கொடுப்பார்கள் என்று யோசித்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கதை முடிவாகிவிட்டது. மில் வாட்ச்மேன் தான் பார்த்ததைச் சொன்னார். "தலையக்கூடத் திருப்பாம நேரா நடந்து போச்சுங்க அந்தப் புள்ள." அவர் சொன்னது நிஜம். மேட்டுக்கு இந்தப் பக்கம் சரிவில் கிடந்த என்னை அவருக்குத் தெரியவில்லை, அவள் யாரைப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்பதும் தெரியவில்லை. பக்கத்து வீட்டக்கா, பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைய அழுகையைச் சொன்னாள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். வண்டி வருகிற சத்தம் கேட்காமலா இருக்கும் என்றார்கள். தண்டவாளத்து ஓரமே பிறந்து வளர்ந்த பெண், காதால் நடக்கிற ஊர், இங்கே தெரியாமல் அடிபட வழியே இல்லை என்று எல்லோருக்கும் பட்டது.

போலீஸ்காரர் வந்தபோது அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கை தானாகப் போய் விழுந்தாள் என்று எழுதினால் அப்போதெல்லாம் அவள்மேலேயே கேஸ். "தெரியாம நடந்து போச்சுங்கய்யா, புள்ள கவனிக்கலைங்க" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அது என்று சாகிறவரை வருத்தப்பட்டார். அது பொய்யில்லை என்று அவரிடம் சொல்ல எனக்குப் பல வருஷம் கையில் இருந்தது. சொல்லவில்லை.

அத்தைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்த அன்று அப்பா குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றினார். மண்ணெண்ணெய் டின் பக்கத்து வீட்டுக்குப் போனது. அரிவாள்மனை அம்மாவின் பெட்டிக்குள் போனது. காவலுக்கு நான். அத்தை குளிக்கும்போது வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் கூப்பிட வேண்டும்.

"அத்தை?"

"இருக்கேன் கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அத்தை?"

"இருக்கேன்."

எனக்கு இரண்டு பயம். ஒன்று, ஒரு நாள் பதில் வராமல் போய்விடுமோ என்பது. இன்னொன்று, ஒரு நாள் அவள் கதவுக்கு உள்ளேயிருந்து, நீதானே என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்டுவிடுவாளோ என்பது. எது பெரிய பயம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். ஆண்டவர் கொடுத்த உயிரைத் தன் கையால் முடிக்கத் துணிந்த இந்த மகளை மன்னியும் என்று கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அத்தையும் சொன்னாள். நானும் சொன்னேன்.

அப்புறம் நீங்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், தண்ணி டேங்க் பக்கத்தில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டீர்கள். "உங்கத்தை வண்டி முன்னால போயி உழுந்தாங்களாமா?" யார் கேட்டது என்று எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். பெரியவர்கள் செய்தது தப்புக் கணக்கு. நான் செய்தது தெரிந்தே சொன்ன பொய்.

அதற்குப் பிறகு அத்தைக்குப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. தையல் கற்றுக்கொண்டாள், ஒரு காலால் மிஷின் மிதித்து உங்களில் பலருக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தாள். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னோடு துடியலூரில்தான் இருக்கிறாள். புது வீடு கட்டும்போது அவள் குளியலறைக்கு நானும் தாழ்ப்பாள் வைக்கவில்லை. வழுக்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டுமே என்று காரணம் சொன்னேன். என்ன நடந்தது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தியும் தாழ்ப்பாள் வைக்கவில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையில் இட்லி சாப்பிடும்போது மகளிடம் பேட்டரி ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். புகை கிடையாது, மேலே கரண்டுக் கம்பி தேவையில்லை, சத்தமும் கிடையாது என்றேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "சத்தமே வராதாமா?"

"அவ்வளவா வராதுன்னு சொல்றாங்கத்தை."

"அப்ப நானும் வாரேன்."

ஐம்பது வருஷமாக ரயில் பக்கமே போகாத மனுஷி. கேட் போட்டிருந்தால் காரை நிறுத்தாதே, திருப்பு என்பாள். வெயில் என்று சொல்லிப் பார்த்தேன், கூட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், "பாட்டிய அங்க கூட்டிட்டுப் போலாமாம்மா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்தது. நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஊர்க்கதை எப்படியோ அவளிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

பிளாட்பாரத்தில் கேமரா வைத்துக்கொண்டு பையன்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "மஞ்சக் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க. இது சத்தம் போடாதுங்க, பாத்து நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றேன். மகள் அத்தையின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புடிக்காத கண்ணு" என்றாள் அத்தை, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு. "உழுந்தர மாட்டேன்."

மகள் கையை எடுத்தாள், பிறகு தாங்க முடியாமல் திரும்பவும் பிடித்துக்கொண்டாள்.

நான் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. டீக்காரர் குரல் கேட்டது. யாருடைய போனோ அடித்தது. தண்டவாளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் ஓ என்று கத்தியபோது கண்ணைத் திறந்தேன். நீலப் பெயின்ட் அடித்த இரண்டு பெட்டி பிளாட்பாரத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகுதான் சக்கரம் உருள்கிற மெல்லிய சத்தம். போனைத் தூக்கக் கை வரவில்லை. நான் பத்து வயதில் திறந்த வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன், மகள் சொல்லித்தான் தெரியும்.

எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் வண்டியோடு செல்ஃபி எடுக்க ஓடினார்கள். மகள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்கத்தை."

"எனக்கும் கேக்கலை. அத்தாம் பெரிசு, கிட்ட வர்ற வரைக்கும் கேக்கலை." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குக் குழாயடியில தலையத் தட்டுனது ஞாபகமிருக்கு. அப்பறம் ஆஸ்பத்திரிதான். நடுவால வண்டிச் சத்தம் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்லை. அதச் சொன்னா யாரு நம்புனாங்க? கேக்காம இருக்குமா, நீயாத்தான் போயி உழுந்திருக்கறேன்னு எங்கண்ணன் சொல்லுச்சு, அண்ணி சொன்னாங்க, சர்ச்சுல சொன்னாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என்ற மனசுக்குள்ள எனக்கே தெரியாம அப்படி ஒண்ணு இருந்திருக்குமோன்னு. கெணத்தைப் பாத்தா ஒதுங்கிப் போவேன். மாடிப் பக்கம் போறதில்லை. அம்பது வருசமா எனக்கு என்னையக் கண்டாத்தான் பயம் அம்மணி."

நான் இத்தனை காலம் பயந்ததெல்லாம் எனக்காக. அவள் பயந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ரயில் நின்றுகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான்தானுங்கத்தை கூப்பிட்டேன்."

"என்னது?"

"வரலாமான்னு கேட்டீங்க. ஒண்ணுமில்லை, வாங்கன்னு நான்தான் கையாட்டுனேன். பொகை நின்னுட்டு இருந்துச்சுங்க. பொட்டி தனியா வந்துச்சு. நான் பாத்தேன், கத்த வாய் வரலை."

அத்தை என் கையை விட்டாள். "திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

"நான் எப்படி வந்தேன்? அழுதுட்டு வந்தனா?"

"சிரிச்சுட்டு வந்தீங்க. என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டே வந்தீங்க."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்ததில்லை.

"பத்து வயசுல சொல்லலை, செரி. இருவதுல சொல்லியிருக்கலாமில்ல? முப்பதுல? எங்கண்ணன் சாகறப்பச் சொல்லியிருக்கலாமில்ல?"

நான் அவளுடைய செயற்கைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சாகப் போனவள்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்குமுங்க."

"அந்த எல்லார்கிட்டயும் சொல்லு. நான் இருக்கறப்பவே சொல்லு."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். நடந்ததைத் தெரிந்துகொண்ட மகள் நேற்று ஆசாரியைக் கூட்டிவந்து குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தாள். அத்தை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குளித்தாள். தண்ணீர்ச் சத்தம் நடுவில் நின்றது. நான் கூப்பிடவில்லை.

இப்போதுதான் எதிரே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுதியதை வாசிக்கச் சொன்னாள். இதுவரை வாசித்துக் காட்டினேன். "இத்தனை நீட்டுனா யாரு படிப்பாங்க, கடைசில ஒருக்காத் தெளிவா எழுது" என்றாள். எழுதுகிறேன். என் அத்தை வண்டி முன்னால் போய் விழவில்லை. வரலாமா என்று கேட்டாள். வாங்க என்று நான் சொன்னேன். என்னை நம்பி வந்தாள்.